தலைவர்களைச் சுழற்றினால் மாகாணங்களுக்கிடையே சமூகச் செலவின் ஏற்றத்தாழ்வு குறையுமா? சீனத் தரவு பற்றி

வெண்ணிலா (கேள்வி)

வணக்கம். சீனாவில் மாகாணத் தலைவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறார்களே, அந்தச் சுழற்சியால் கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்புச் செலவில் மாகாணங்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு குறைகிறதா என்பதுதான் ஆய்வேட்டின் கேள்வி.

31 மாகாண அலகுகள், 1999 முதல் 2019 வரை. கட்சிச் செயலாளரோ ஆளுநரோ வேறு மாகாணத்திலிருந்து வந்தவர் என்றால் 1, இல்லாவிட்டால் 0. சமன்பாட்டின் இடப்பக்கம் (விளக்க வேண்டிய மாறி), தலைக்கான சமூகச் செலவின் கினி, அதாவது ஏற்றத்தாழ்வை அளக்கும் எண். மாகாண, ஆண்டு ஃபிக்ஸட் எஃபெக்ட் (ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆண்டுக்கும் பொதுவானதைக் கழிக்கும் மாறிகள்) இரண்டும் உண்டு.

மூன்று சிக்கல்கள். ஆண்டு எஃபெக்ட் போட்டதும் கினி மாறியே மறைந்துவிடுகிறது. கினிக்குப் பதில் தலைக்கான செலவை வைத்தால், திபெத்தைச் சேர்க்கும்போது சுழற்சியின் குணகம் எதிர்மறை, நீக்கினால் நேர்மறை. 2006-க்கும் 2007-க்கும் நடுவே சமூகப் பாதுகாப்புச் செலவு எல்லா மாகாணங்களிலும் ஒரே நேரத்தில் எகிறுகிறது. எங்கே கோளாறு? அடிப்படையில், சுழற்சி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பதே சரிதானா?

---

அளவுகோல்

முதல் சிக்கலுக்குப் பதில் எளிது. நாடு முழுவதற்குமான கினி ஆண்டுக்கு ஒரே ஓர் எண். 31 வரிசைகளிலும் அதே எண்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டு எஃபெக்ட் அதை முழுசாக விழுங்கிவிடும். எஃபெக்டை எடுத்துவிட்டு ஓட்டினால் எண் வரும், ஆனால் அதற்குப் பொருள் இருக்காது. லியாவ்நிங் மாகாணத்துக்கு ஒருவர் வந்ததால் நாட்டின் கினி இவ்வளவு மாறியது என்று சொல்ல அந்தத் தரவில் இடமில்லை.

மாற்று வழி மூன்று உண்டு. எளியது, ஒவ்வொரு மாகாணத்தின் தலைக்கான செலவை மடக்கையில் எடுத்து, அந்த ஆண்டின் தேசிய சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்ற தனிமதிப்பை இடப்பக்கம் வைப்பது. விலகல் சுருங்கினால் அந்த மாகாணம் சராசரியை நெருங்குகிறது என்று அர்த்தம். ஆனால் மேலே இருப்பவர் இறங்கினாலும் சுருங்கும், கீழே இருப்பவர் ஏறினாலும் சுருங்கும். ஆகவே சராசரிக்கு மேல், கீழ் என்று பிரித்து இரண்டு முறை ஓட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது இணை முறை. ஒரு தலைவர் அ மாகாணத்திலிருந்து ஆ மாகாணத்துக்குப் போனால், அந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பிந்தைய ஆண்டுகளில் சுருங்குகிறதா என்று பார்ப்பது. 31 மாகாணங்களுக்கு 465 இணைகள் வரும். முன்பிருந்த இடத்தின் பழக்கத்தையும் தொடர்புகளையும் தலைவர் கையோடு கொண்டுவருகிறார் என்ற வாதத்தை நேரடியாகச் சோதிப்பது இதுதான். ஒரே மாகாணம் 30 இணைகளில் வருவதால் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இணை வாரியாக மட்டும் கிளஸ்டர் செய்தால் (பிழைகளைக் குழுவாக்கினால்) முக்கியத்துவ நட்சத்திரங்கள் அள்ளிக் கொட்டும், நம்பாதீர்கள். இரு மாகாணங்களின் வழியாகவும் கிளஸ்டர் செய்யுங்கள். வெறும் 31 கிளஸ்டர் என்பதால் வைல்ட் பூட்ஸ்ட்ராப்பும் (குழுக்கள் குறைவாக இருக்கும்போது பயன்படும் மறுமாதிரி முறை) சேர்த்து ஓட்டுங்கள்.

மூன்றாவது, மாகாணத்துக்கு உள்ளே இறங்குவது. கவுன்டிகளுக்கு (மாகாணத்துக்கும் நகரத்துக்கும் கீழுள்ள நிர்வாக அலகுகள்) இடையிலான தீல் குறியீடு (கினி போன்ற இன்னோர் ஏற்றத்தாழ்வு அளவு) மாகாணத்துக்கு மாகாணம், ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆண்டு எஃபெக்டும் அதை விழுங்காது. கவுன்டி வாரியான நிதித் தொகுப்பு 2000-களின் பிற்பகுதி வரை ஒரே நூலாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாகாண ஆண்டுநூலாகத் தேட வேண்டும்.

இன்னொன்று. விகிதமா, வித்தியாசமா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரு மாகாணம் தலைக்கு 2,000 யுவான், இன்னொன்று 800 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 2,200 ஆகிறது, இரண்டாவது 920. விகிதம் 2.5-லிருந்து 2.39-க்கு இறங்கிவிட்டது. வித்தியாசமோ 1,200-லிருந்து 1,280-க்கு ஏறிவிட்டது. ஒரே தரவை வைத்துக்கொண்டு ஒருவர் குறைந்தது என்பார், இன்னொருவர் கூடியது என்பார்.

---

கஜானா

மேலே சொன்னது கணக்கு. நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சுழற்சியில் ஆள்தான் இடம் மாறுகிறார், பணம் அவரோடு போவதில்லை. இதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் முடிவுகளை அளவுக்கு மீறிப் படித்துவிடுவீர்கள்.

1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்தில் மதிப்புக்கூட்டு வரியில் 75 விழுக்காடு மத்திக்கு, 25 உள்ளூருக்கு என்றானது. 2016 மே மாதத்திலிருந்துதான் பாதிக்குப் பாதி. செலவு மட்டும் கீழேயே நின்றுவிட்டது. நாட்டின் பொது பட்ஜெட் செலவில் ஏறக்குறைய 85 விழுக்காட்டை உள்ளாட்சி மட்டங்கள்தான் செய்கின்றன. பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், ஓய்வூதிய மானியம் எல்லாம் அதற்குள் அடக்கம். இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது மத்திய மானியம். அதில் வரித் திருப்பம் (வசூலான வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது) என்ற பகுதி அதிகம் வசூலித்த மாகாணத்துக்கே அதிகம் போகும். சமப்படுத்தும் மானியம் 1995-இல் சிறிதாகத் தொடங்கி மெல்லத்தான் பெருத்தது.

செலவைப் பங்கிடும் சூத்திரத்தைப் பாருங்கள். 2018-இல் அடிப்படைப் பொதுச் சேவைகளுக்கு மாகாணங்களை ஐந்து அடுக்காகப் பிரித்தார்கள். குய்சோ, கான்சு, சிச்சுவான், திபெத் உள்ளிட்ட 12 மாகாணங்களுக்கு மத்திய அரசு 80 விழுக்காடு. ஹெனான், அன்ஹுய், ஹுனான் உள்ளிட்ட 10-க்கு 60. லியாவ்நிங், ஃபூஜியான், ஷான்டோங்குக்கு 50. ஜியாங்சு, செஜியாங், குவாங்டோங், தியான்ஜினுக்கு 30. பெய்ஜிங், ஷாங்காய்க்கு வெறும் 10. அதாவது ஏழை மாகாணத்துக்கு யார் தலைவராக வந்தாலும் இந்தப் பங்கு அசையாது. இது நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரியில், உங்கள் மாதிரியில் அந்த ஆண்டுக்கு இந்த அடுக்கைக் கட்டுப்பாடாகச் சேர்க்காவிட்டால், மேற்குக்குப் போன தலைவர்களுக்கெல்லாம் இல்லாத பெருமை சேரும்.

திபெத் சிக்கலுக்கு வருகிறேன். தலைக்கான செலவு மிகக் குறைவாக இருப்பது மிக ஏழையான இடத்தில் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் தொடங்குகிறார்கள். சீனாவில் அப்படியில்லை. திபெத்தும் சிங்ஹாயும் மத்திய மானியத்தால் தலைக்கணக்கில் மேல்வரிசையில் நிற்கின்றன. அடியில் கிடப்பது ஹெனான், ஹெபெய், அன்ஹுய், ஹுனான் போன்ற நடுப்பகுதி மாகாணங்கள். கடற்கரையின் வரி வருவாயும் இல்லை, மேற்குக்குக் கிடைக்கும் 80 விழுக்காடும் இல்லை, ஆள் மட்டும் கோடிக்கணக்கில். 2020 கணக்கெடுப்பில் ஹெனானில் 9.94 கோடிப் பேர், திபெத்தில் 36 லட்சம். ஆகவே ‘ஏழை மாகாணம்’ என்ற ஒரே டம்மியில் (0/1 மாறியில்) இரண்டையும் அடைக்காதீர்கள். திபெத்தில் கட்டுமானச் செலவும் உயரப் பகுதிப் படியும் அதிகம். பணம் அதிகம் என்றால் சேவையும் அதிகம் என்று ஆகிவிடாது. எடையில்லாத கினியில் திபெத்தும் ஹெனானும் சமம். மக்கள்தொகை எடை போட்டால் உங்கள் குணகத்தின் குறி ஆடுவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

---

வெண்ணிலா

நன்றி. எடை போடவே இல்லை, அதைச் சரிசெய்கிறேன். 0/1 குறியீடு பற்றி யாராவது சொல்ல முடியுமா? செயலாளர், ஆளுநர் இருவரையும் ஒன்றாக வைத்தது சரியா?

---

கோப்புக்காரர்

சரியில்லைங்க. சீனாவில் மாகாணத்தின் முதல் ஆள் கட்சிச் செயலாளர். ஆளுநர் இரண்டாவது ஆள். நம்மூர் ஆளுநரோடு குழப்பிக்கக் கூடாது, அவர்தான் நிர்வாகத்தை நடத்துபவர், பட்ஜெட் அறிக்கைக்குப் பின்னால் நிற்பவர். எந்தெந்தச் செலவினத்துக்கு எவ்வளவு என்ற முன்னுரிமை செயலாளரிடம், அன்றாடச் செலவு ஆளுநரிடம். இருவருக்கும் தனித்தனி மாறி வைங்க. 2006 இடமாற்ற விதிகளிலேயே இருவரையும் ஒரே சமயத்தில் மாற்றுவது பொதுவாகக் கூடாது என்று இருக்கு. அதனால் இரண்டும் மாறி மாறி வரும், பிரித்தெடுக்கப் போதுமான வேறுபாடு கிடைக்கும்.

விதிகளின் போக்கு: இடமாற்றம் பற்றிய கட்சி மத்தியக் குழு முடிவு 1990-இல், தற்காலிக விதி 1999-இல், முழு விதி 2006 ஆகஸ்டில். ஒரே பதவியில் 10 ஆண்டு ஆனால் கட்டாய மாற்றம். பதவிக்காலம் 5 ஆண்டு, அதே பதவியில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. நடைமுறையில் பலர் ஐந்தாண்டை முடிப்பதே இல்லை. வாங் யாங் சோங்சிங் செயலாளராக 2005 டிசம்பரிலிருந்து 2007 இறுதி வரை, இரண்டே வருஷம். பிறகு குவாங்டோங்கில் 2012 வரை. லீ கச்சியாங் ஹெனான் செயலாளராக 2002 டிசம்பர் முதல் 2004 டிசம்பர் வரை, அடுத்து லியாவ்நிங்கில் 2007 வரை.

இங்கேதான் மாதக் கணக்கு வருது. மாகாண மக்கள் பேரவை பட்ஜெட்டை ஜனவரி, பிப்ரவரியிலேயே நிறைவேற்றிடும். டிசம்பரில் வந்தவருக்கு அந்த ஆண்டுச் செலவோடு ஒரு தொடர்பும் இல்லை. ஜூன் வரை வந்தால் அந்த ஆண்டு, ஜூலைக்குப் பின் வந்தால் அடுத்த ஆண்டு என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். ஜூன்னு சொன்னாலும் அவர் கையில் இருப்பது முன்னவர் போட்ட பட்ஜெட்தான். அதனால் சமூகச் செலவுக்கு ஓராண்டு பின்தள்ளிய மாறியும் போட்டுப் பாருங்க.

அடுத்த பொறி, ‘வெளியாள்’ என்பது யார்? சென் மின்அர் செஜியாங்கில் பிறந்து அங்கேயே வளர்ந்து பதவிகளில் ஏறியவர். 2012-இல் குய்சோவுக்குத் துணைச் செயலாளராகப் போனார், 2013-இல் ஆளுநர், 2015 ஜூலையில் செயலாளர். முந்தைய பதவி எந்த மாகாணம் என்று பார்த்தால் 2015-இல் அவர் உள்ளாள். வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தால் வெளியாள். இப்படிப் படியேறியவர்கள் நிறைய. நான்கு வகையாகப் பிரிங்க: அங்கேயே வளர்ந்தவர், வேறு மாகாணத்திலிருந்து நேராக வந்தவர், வெளியிலிருந்து வந்து அங்கேயே படியேறியவர், மத்திய அமைச்சகத்திலிருந்து இறங்கியவர். கடைசி வகையைத் தனியாக வைக்கிறது ரொம்ப முக்கியம். அவர் கொண்டுவருவது இன்னொரு மாகாணத்தின் அனுபவம் இல்லை, அமைச்சகத் தொடர்பு. தனித் திட்ட மானியம் வாங்குவதில் அது பேசும்.

அதைவிடப் பெரிய தலைவலி, யாரை எங்கே அனுப்புவது என்பது குலுக்கல் முறையில் நடப்பதில்லை. திறமைசாலியைச் சிக்கலான இடத்துக்கு அனுப்புவதும் உண்டு, மேலே தூக்கப் போகிறவரை ஏறுகிற மாகாணத்துக்கு அனுப்புவதும் உண்டு. ஓரளவு உதவுவது வயது. மாகாணத் தலைமைப் பதவிக்கு ஓய்வு வயது 65. முன்னவர் அந்த வயதைத் தொட்டதால் காலியான இடங்களை மட்டும் தனியாக எடுங்க, காலியிடம் வந்த நேரத்துக்கும் மாகாண நிலைமைக்கும் உள்ள முடிச்சு தளரும். நிரப்ப வந்த ஆள் தேர்வு செய்யப்பட்டவர்தான், அது அப்படியேதான் இருக்கும்.

---

அளவுகோல்

@கோப்புக்காரர் சொன்னதோடு ஒன்று. மாற்றங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் நடப்பதால் சாதாரண இருவழி ஃபிக்ஸட் எஃபெக்ட் ஏற்கெனவே சுழற்சி பெற்ற மாகாணத்தையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும். ஒப்பீடுகளுக்கு அது தரும் எடைகளில் சில எதிர்மறையாகிவிடும். இன்னும் சுழற்சி நடக்காத மாகாண ஆண்டுகளை மட்டும் ஒப்பிடும் முறைக்கு மாறுங்கள். 1999-இலேயே வெளியாள் இருந்த மாகாணங்களை என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள், தேர்வாளர் முதலில் கேட்பது அதுதான்.

---

கஜானா

2007 தாவல் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது செலவு கூடியதால் வந்ததல்ல, கணக்குத் தலைப்பு மாறியதால் வந்தது. 2007-இல் பட்ஜெட் வகைப்பாடு முழுவதையும் மாற்றினார்கள். அதுவரை சமூகப் பாதுகாப்பு மானியம், உதவித்தொகை மற்றும் நிவாரணம், நிர்வாக அலகுகளின் ஓய்வூதியம் என்று சிதறிக் கிடந்தவை ‘சமூகப் பாதுகாப்பும் வேலைவாய்ப்பும்’ என்ற ஒரே தலைப்புக்குள் வந்தன. கல்வியிலும் சில இனங்கள் உள்ளே வந்தன, சில வெளியே போயின. இரண்டு வழிதான். பழைய இனங்களைக் கூட்டி முடிந்தவரை புதிய தலைப்புக்கு ஒத்ததாகக் கட்டலாம். அல்லது 2007-இலிருந்து மட்டும் தொடங்கலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன். கண்காணிப்பு ஆண்டுகள் குறையும், ஆனால் தரவு ஒரே தராசில் நிறுத்தது.

தொடர்ந்து வரும் இன்னொரு குழப்பம்: ஓய்வூதிய நிதி, மருத்துவக் காப்பீட்டு நிதி இவை பொது பட்ஜெட்டுக்கு வெளியே தனிக் கணக்கு. பொது பட்ஜெட்டிலிருந்து அவற்றுக்குப் போகும் மானியம் மட்டும் இந்தத் தலைப்பில் வரும். லியாவ்நிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் மூன்றிலும் பழைய அரசுத் தொழிற்சாலை ஓய்வூதியர் கூட்டம் பெரிது. அங்கே சமூகப் பாதுகாப்புச் செலவு கூடினால் அது முதுமையின் கணக்கு, தலைவரின் கொள்கை என்று எழுதாதீர்கள். 65 வயதுக்கு மேற்பட்டோர் விகிதத்தைக் கட்டாயம் சேருங்கள். முடிந்தால் கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு மூன்றையும் தனித்தனியாகவே ஓட்டுங்கள். மூன்றும் மூன்று குணம்.

வகுக்கும் எண்ணும் முக்கியம். ஹுகோ (சொந்த ஊர்க் குடியிருப்புப் பதிவு) மக்கள்தொகையா, உண்மையில் வசிப்போரா? ஹெனானில் பதிவு எண்ணிக்கை வசிப்போரைவிட ஒரு கோடிக்கு மேல் அதிகம், குவாங்டோங்கில் நேர்மாறு. பதிவைப் போட்டு வகுத்தால் குவாங்டோங் பணக்காரனாகத் தெரியும், வசிப்போரைப் போட்டால் நடுவரிசைக்கு வந்துவிடும். வசிப்போர் எண்ணை எடுங்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பின் இடைப்பட்ட ஆண்டு எண்கள் திருத்தப்பட்டுள்ளன, பழைய ஆண்டுநூல் எண்ணோடு கலக்காதீர்கள்.

தலைவர் முடிவு செய்யக்கூடிய பகுதி எது என்று நெருக்கமாகப் பார்க்க விரும்பினால் 2003-இல் தொடங்கிய கிராமக் கூட்டுறவு மருத்துவத் திட்டத்தைப் பாருங்கள். நடு, மேற்குப் பகுதிகளில் தொடக்க ஏற்பாடு: மத்திய அரசு ஆளுக்கு 10 யுவான், உள்ளாட்சிகள் சேர்ந்து 10, சேருபவர் 10. மூன்று லட்சம் பேர் சேர்ந்த ஒரு கவுன்டியில் ஒவ்வொரு பங்கும் 30 லட்சம் யுவான். உள்ளூர்ப் பங்கான 30 லட்சத்தை மாகாணம், நகரம், கவுன்டி எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது மேலே இருப்பவர் கையில். மாகாணம் பெரும்பங்கை ஏற்றால் ஏழைக் கவுன்டி தப்பிக்கும். கவுன்டி தலையில் கட்டினால், ஆசிரியர் சம்பளத்துக்கே திண்டாடும் கவுன்டி பங்கைச் செலுத்தத் தாமதிக்கும், மத்தியப் பங்கும் அதோடு சிக்கும். சில இடங்களில் பெயர்ப்பட்டியலை ஊதிப் பெருக்கி மேலிருந்து பணம் வாங்குவதும் நடந்தது. ஆக, தலைவரின் கை தெரியும் இடம் இந்த மாகாணத்துக்குள் பங்கீடுதான். மாகாணங்களுக்கு இடையிலான இடைவெளியில் அந்தக் கை மங்கலாகத்தான் தெரியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் கவுன்டி தீல் குறியீட்டைச் செய்யுங்கள்.

---

மறுபக்கம்

சுழற்சி குறைக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டதுபோல் பேச்சு போகிறதே. எதிர்வாதமும் வலுவானது. இரண்டு, மூன்று ஆண்டில் கிளம்பப் போகிறவருக்கு, காட்டக்கூடிய பலன் வேண்டும். நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் அதற்குள் நிற்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குச் செய்யும் செலவின் பலன் அவருக்குப் பின் வருபவரின் கணக்கில் சேரும். 2013 டிசம்பரில் வெறும் வளர்ச்சி விகிதத்தை வைத்து மதிப்பிடக் கூடாது என்று கட்சியின் அமைப்புத் துறை சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன், பின் என்று மாதிரியைப் பிரித்து ஓட்டினால் இந்த வாதத்தைச் சோதிக்கலாம்.

வெளியாளுக்குச் சாதகமான வாதம் ஒன்றும் உண்டு. அங்கேயே வளர்ந்தவருக்குக் கீழ்மட்ட அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள் என்று பழைய கடன்கள் இருக்கும், கட்டுமானத்துக்குப் பணம் ஒதுங்க அது ஒரு காரணம். வெளியாளுக்கு அந்தக் கடன் இல்லை. எது வெல்லும் என்பது பதவிக்காலத்தைப் பொறுத்தது என்பது என் கணிப்பு. வெளியாள் மாறியோடு பதவியில் கழித்த ஆண்டுகளைப் பெருக்கிச் சேருங்கள், அதன் இருபடியையும் சேருங்கள்.

வறுமை ஒழிப்பு இயக்கக் காலத்தில் 832 வறிய கவுன்டிகளின் செயலாளரையும் தலைவரையும் கவுன்டி வறுமையிலிருந்து மீளும் வரை பொதுவாக மாற்றக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள், தெரியுமா? மிக ஏழையான இடங்களில் சுழற்சி நின்றது, அதே நேரம் பணமும் கொட்டியது. 2016-க்குப் பின் இதைக் கவனிக்காமல் கவுன்டி மட்டத்தில் ஓட்டினால், ‘சுழற்சி இல்லாத இடத்தில் சமூகச் செலவு கூடியது’ என்று வரும். உண்மைக் காரணம் வேறு.

ஒப்பீட்டு அத்தியாயத்தில் நம்மூர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இட ஒதுக்கீட்டுச் சுழற்சியை வைக்கப் போவதாக இருந்தால் வேண்டாம். அங்கே சுழல்வது நாற்காலியின் ஒதுக்கீடு, அமர்பவர் அந்த ஊர்க்காரர், வாக்காளருக்குப் பதில் சொல்பவர். சீனாவில் சுழல்வது ஆள், அவர் பதில் சொல்வது மேலே. மாவட்ட ஆட்சியர் இடமாற்றத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு பொருந்தும், அவருக்கும் பட்ஜெட்டின் மொத்தம் கையில் இல்லை.

---

வெண்ணிலா

2007-இலிருந்து தொடங்கி, கல்வியைத் தனியாக, கவுன்டி தீல் குறியீட்டோடு ஓட்டுகிறேன். இணை முறையை இரண்டாம் அத்தியாயத்தில். கடைசியாக ஒன்று: 2008 முதல் 2010 வரை சிச்சுவானை விட்டுவிடலாமா?

---

கஜானா

விட்டுவிடுங்கள். 2008 மே நிலநடுக்கத்துக்குப் பின் வெளி மாகாணங்கள் ஒவ்வொன்றும் ஒரு கவுன்டியைத் தத்தெடுத்துக் கட்டிக்கொடுத்தன. குவாங்டோங் வென்சுவானுக்கு, ஷாங்காய் துஜியாங்யானுக்கு. பள்ளியும் மருத்துவமனையும் அந்தப் பணத்தில் எழுந்தன, கூடவே வெளி மாகாண அதிகாரிகளும் வந்து தங்கினார்கள். உங்கள் இரு மாறிகளும் ஒரே காரணத்தால் அசையும் ஆண்டுகள் அவை. ஷான்ஷி (Shaanxi), கான்சுவின் நிலநடுக்கக் கவுன்டிகளையும் சேர்த்து நீக்குங்கள். திபெத்துக்கு 1995-இலிருந்தும், சின்ஜியாங்குக்கு 1997-இலிருந்தும் தவணை முறையில் வெளி அதிகாரிகள் போகிறார்கள். ஃபூஜியான் 1996-இலிருந்து நிங்சியாவுக்கு உதவுகிறது. இந்த இணைகளுக்கு ஒரு டம்மி வைக்காவிட்டால் இரண்டாம் அத்தியாயத்தில் சுழற்சிக்கும் உதவித் திட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது.